யாருக்குச் சுருங்கியது உலகம்? குமுளி முதல் போடி வரை

செவ்வாய்: லோயர் கேம்ப், குமுளி

கைபேசியும் இணையமும் உலகத்தைச் சுருக்கிவிட்டன என்கிறார்கள்; யாருக்கு என்று பார்க்கத் தமிழ்நாடு, கேரள எல்லை மலைகளில் ஐந்து நாள் சுற்றினேன். கம்பம் பள்ளத்தாக்கில் பொழுது விடிந்ததும் உழவர்கள் கைபேசியில் முதலில் பார்ப்பது முல்லைப் பெரியாறு அணையின் நீர்மட்டத்தைத்தான். நீர்மட்டம் இத்தனை அடி, வரத்து இத்தனை கன அடி, திறப்பு இத்தனை கன அடி என்று சில வரிகளே கொண்ட அந்தச் செய்தி, வாட்ஸ்அப் குழுக்களின் வழியாகக் கூடலூர், கம்பம், உத்தமபாளையம் என்று வயல்வெளி நெடுகப் பரவிவிடுகிறது. லோயர் கேம்ப் தேநீர்க்கடையில் என் பக்கத்தில் அமர்ந்திருந்த பெரியவர், எழுத்தை விரலால் பெரிதாக்கி அதைப் படித்து முடித்த பிறகுதான் தேநீரைத் தொட்டார். முன்பெல்லாம் இந்த எண் மறுநாள் செய்தித்தாளில்தான் வரும் என்றும், அதற்குள் வாய்க்காலில் தண்ணீரே வந்து செய்தி சொல்லிவிடும் என்றும் அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

மேற்கே அரபிக்கடலுக்குப் போய்க்கொண்டிருந்த ஆற்றை மறித்து, மலையைக் குடைந்து, கிழக்கே திருப்பிவிட்ட அணை இது. பென்னிகுவிக்கின் பொறுப்பில் கட்டப்பட்டு 1895இல் திறக்கப்பட்ட இந்த அணையின் நீர், இன்று லோயர் கேம்பில் பெருங்குழாய்களில் இறங்கி, மின்னாக்கிகளைச் சுழற்றிவிட்டு வயலுக்குப் போகிறது. அதே அணையின் அதே எண்ணை அதே நிமிடத்தில் மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தின் வண்டிப்பெரியாற்றிலும் பார்க்கிறார்கள். அங்கேயும் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம்; ஆனால் ஆற்றங்கரையில் வீடு உள்ளவருக்கு அந்த எண் ஏறுவது மகிழ்ச்சி தருவதில்லை. 142 அடி வரை நீரைத் தேக்கலாம் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததிலிருந்து, மழைக்காலத்தில் முந்தைய வரம்பான 136ஐத் தாண்டும் ஒவ்வோர் அடியையும் கம்பத்தார் ஆவலோடும் வண்டிப்பெரியாற்றார் கவலையோடும் எண்ணுகிறார்கள். செய்தி இருவரையும் ஒரே நொடியில் அடைகிறது என்பது உண்மை. அந்தச் செய்தியை அவர்கள் ஒரே விதமாகப் படிப்பார்கள் என்று எதிர்பார்ப்பதற்கு எந்தக் கருவியும் இடம் கொடுக்கவில்லை.

குமுளியில் எல்லை என்பது நடந்து கடக்கும் சில அடிகள்தான். தமிழ்நாட்டுப் பேருந்துகள் நிற்கும் பக்கம் ஒரு பெட்டிக்கடை, வளைவைத் தாண்டி கேரளப் பக்கம் ஒரு வாழைக்காய் வறுவல் கடை. இரண்டிலும் பணம் வந்ததை உரக்க அறிவிக்கும் சின்ன ஒலிப்பெட்டி இருக்கிறது. ஒன்று தமிழில் பேசுகிறது, மற்றது மலையாளத்தில். வறுவல் கடையின் கட்டச் சதுரத் தாள் எண்ணெய்க் கையும் மலைப் பனியும் பட்டு ஒரு மூலையில் மங்கிப் போயிருந்தது. இருந்தும் கைபேசி உடனே படித்துவிட்டது. இந்தக் கட்டச் சதுரம், கியூஆர் குறியீடு, 1994இல் ஜப்பானில் டென்சோ குழுமத்தில் மசாஹிரோ ஹாராவும் அவருடைய சகாக்களும் மோட்டார் வாகன உதிரிபாகங்களைக் கணக்கு வைப்பதற்காக உருவாக்கியது. பட்டறையில் அழுக்குப் படியும் என்று முன்கூட்டியே எண்ணி, உள்ளிருக்கும் தகவலை மிகையாக எழுதிவைக்கும் கணித ஏற்பாட்டை அதில் சேர்த்தார்கள். அதன் உயர்ந்த நிலையில் ஏறத்தாழ முப்பது விழுக்காடு சிதைந்தாலும் மீதியைக் கொண்டு முழுவதையும் மீட்டுவிடலாம். ஜப்பானியத் தொழிற்சாலையின் எண்ணெய்க் கறைக்காகச் செய்த ஏற்பாடு குமுளியின் தேங்காயெண்ணெய்க்கும் பயன்படுகிறது.

பணம் சென்ற வழியும் இந்த ஊருக்குப் புதிது. 2016இல் தொடங்கிய யுபிஐ முறையில் இந்திய அளவில் ஒரு மாதத்துக்கு ஆயிரம் கோடிக்கும் மேற்பட்ட பரிமாற்றங்கள் நடப்பது 2023 ஆகஸ்டிலிருந்து வழக்கமாகிவிட்டது. அந்த ஆயிரம் கோடியில் என்னுடைய நாற்பது ரூபாய் வறுவலும் ஒன்று என்று நினைக்கும்போது, அந்தப் பேரெண்ணைவிட நாற்பது ரூபாய்தான் எனக்கு வியப்பளித்தது. தந்தியும் தொலைபேசியும் வந்த காலத்தில் பெரிய தொகைக்கும் பெரிய ஆட்களுக்கும்தான் முதலில் வந்தன. நாற்பது ரூபாய்க்கு அவை ஒருபோதும் வரவில்லை.

புதன்: புற்றடி

வண்டன்மேட்டை ஒட்டிய புற்றடியில் நறுமணப் பொருள் வாரியத்தின் வளாகம் இருக்கிறது. இறங்கும்போதே ஏலக்காய் வாசனை மூக்கில் ஏறுகிறது. பிறகு அரை மணி நேரத்தில் அது பழகி, இல்லாமலே போய்விடுகிறது. ஏல அரங்குக்குள் வணிகர்கள் வரிசையாக அமர்ந்திருக்க, ஒவ்வொருவர் முன்னும் ஒரு கணினித் திரை. விற்பனைக்கு வரும் ஒவ்வொரு குவியலுக்கும் ஓர் எண் உண்டு. அந்த எண்ணிட்ட மாதிரிக் காய் கைக்கு வந்ததும் உள்ளங்கையில் கொட்டி, நிறம் பார்த்து, பருமன் பார்த்து, ஒன்றைப் பிளந்து வாயில் போட்டுக்கொள்கிறார்கள். பிறகு விரல் பொத்தானைத் தட்டுகிறது. திரையில் விலை ஏறுகிறது. ஏறாமல் நின்றதும் குவியல் விற்றுவிடுகிறது, அடுத்த எண் வந்துவிடுகிறது. கூடத்தில் சத்தமே இல்லை. வாயால் கூவி ஏலம் விட்ட காலத்தை நினைவில் வைத்திருக்கும் ஒரு முதியவர், "அப்ப தொண்டை இருந்தவன் வாங்குனான்ணே, இப்ப கணக்கு இருந்தவன் வாங்குறான்" என்று என் காதோடு சொன்னார்.

மின்னணு ஏலம் இந்த மலைக்கு வந்தது 2007இல். மலையின் அடிவாரத்தில் தமிழ்நாட்டுப் பக்கம் உள்ள போடிநாயக்கனூரும் ஏலக்காய்க்குப் பெயர்போன சந்தைதான். புற்றடியில் ஏலம் என்றால் போடி வணிகர்கள் மலையேறியும், போடியில் ஏலம் என்றால் இங்குள்ளவர்கள் இறங்கியும் வரவேண்டியிருந்தது. 2021 தொடக்கத்தில், நோய்த்தொற்றுக் காலத்தின் நெருக்கடியும் சேர்ந்து உந்த, இரண்டு ஊர்க் கூடங்களையும் இணையத்தில் ஒன்றாகப் பிணைத்து ஒரே நேரத்தில் ஏலம் நடத்தும் ஏற்பாடு வந்தது. மலை உச்சியில் ஒருவர் தட்டும் விலையை அடிவாரத்தில் இருப்பவர் அந்தக் கணமே மீறலாம். இடையில் இருக்கும் கொண்டை ஊசி வளைவுகளும் மாநில எல்லையும் அந்தப் போட்டியில் கணக்கில் வருவதே இல்லை.

வளாகத்துக்கு வெளியே, தேநீர்க்கடைப் பலகையில், குறுநிலத் தோட்டக்காரர் ஒருவரோடு நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தேன். தேவாரத்திலிருந்து மலையேறிய குடும்பத்தின் பேரன். கையில் இரண்டு ஏக்கர். தன்னுடைய குவியல் எந்த விலைக்குப் போயிற்று என்பதை அவர் கைபேசியிலேயே தெரிந்துகொண்டார்; தரகர் சொல்லும் விலையைத்தான் தன் தாத்தா நம்பவேண்டியிருந்தது என்றார். அதைவிட என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது வேறு. அவர் வானிலை பார்ப்பது இடுக்கிக்கு மட்டுமல்ல, குவாத்தமாலாவுக்கும்.

காரணம் எளியது. உலகில் மிகுதியாக ஏலக்காய் விளைவிப்பது இந்தியா அல்ல, நடு அமெரிக்காவின் குவாத்தமாலா. நூறாண்டுக்கு முன் இங்கிருந்து போன செடி, இன்று வளைகுடாச் சந்தையில் நம் காயோடு போட்டியிடுகிறது. அங்கே மழை பொய்த்தால் இங்கே விலை ஏறும். அங்கே காய் குவிந்தால் இங்கே சாக்கு தேங்கும். 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் ஒரு கிலோ ஏழாயிரம் ரூபாயைத் தொட்டதை இந்தப் பகுதியில் திருவிழாவைப் போல நினைவுகூர்கிறார்கள். இந்தக் கணக்கெல்லாம் அவருடைய தாத்தாவின் காலத்திலும் நடந்தவைதான். அப்போது குவாத்தமாலா என்ற பெயர் பெருவணிகரின் அறையைத் தாண்டி வெளியே வந்ததில்லை. பேரன் இரவு படுக்கும்முன் அந்த நாட்டின் மழை வரைபடத்தைப் பார்க்கிறார். அப்போது அங்கே காலை. நமக்கும் அவர்களுக்கும் பதினொன்றரை மணி நேர இடைவெளி.

தெரிந்து என்ன பயன் என்று கேட்டேன். "உடனே விக்கவா, பத்து நாள் வைக்கவான்னு முடிவு பண்ணலாம் சார். வைக்கிறதுக்கு வீட்டுல வசதி இருந்தா." கடைசி வாக்கியத்தைச் சற்றுத் தாமதித்துத்தான் சொன்னார். கடன்காரர் வாசலில் நிற்கும்போது குவாத்தமாலாவின் மழை யாருக்கும் உதவாது என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஆனாலும் தெரியாமல் விற்பதற்கும் தெரிந்தே விற்பதற்கும் உள்ள வேறுபாட்டை நான் சிறிதென்று கருதவில்லை.

வியாழன்: நெடுங்கண்டம், பூப்பாறை, தேவிகுளம்

நாள் முழுவதும் பேருந்திலேயே கழிந்தது. நெடுங்கண்டம், உடும்பன்சோலை, பூப்பாறை என்று ஏறி இறங்கி, தேவிகுளத்துக்கு முன்னால் பாறையைச் செதுக்கிய சாலையில் மேகத்துக்குள் புகுந்தோம். ஐந்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாதபோதும் கைபேசி வரைபடத்தின் நீலப்புள்ளி மட்டும் வளைவுக்கு வளைவு சரியாகத் திரும்பிக்கொண்டிருந்தது. ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் அனுப்பும் நேரக்குறிப்புகளை ஒப்பிட்டு அது இடத்தைக் கணிக்கிறது. அந்த உயரத்தில் புவியீர்ப்பு குறைவு என்பதால் அவற்றின் கடிகாரங்கள் முந்தும், வேகம் அதிகம் என்பதால் சற்றுப் பிந்தும்; இரண்டும் கழிந்து, நம்முடையதைவிட நாளொன்றுக்கு 38 மைக்ரோநொடி முந்தி ஓடும். ஐன்ஸ்டைனின் சமன்பாட்டைக் கொண்டு திருத்தாவிட்டால் ஒரே நாளில் புள்ளி கிலோமீட்டர் கணக்கில் விலகிவிடும். 1802இல் சென்னைப் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து இந்த நாட்டை முக்கோணம் முக்கோணமாக அளக்கத் தொடங்கிய லாம்டன், அரை டன் எடையுள்ள கோணமானியை ஆட்களைக் கொண்டு சுமந்து சென்றார். பக்கத்து இருக்கைச் சிறுவன் அதே நீலப்புள்ளியைப் பார்த்துவிட்டு, அடுத்து வரும் கடையில் பஜ்ஜி கிடைக்குமா என்று தேடிக்கொண்டிருந்தான்.

வெள்ளி: மூணாறு

மூணாற்றுக் கடைவீதியில் தமிழைத் தவிர வேறெதுவும் தேவைப்படவில்லை. தேயிலைத் தோட்டங்களுக்காகப் பல தலைமுறைகளுக்கு முன்பே திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் மதுரைப் பக்கமிருந்தும் கங்காணிகளின் பின்னால் நடந்து மலையேறியவர்களின் வழிவந்தோர் இங்கே பெருந்தொகையினர். அவர்கள் குடியிருப்பது லயம் எனப்படும் வரிசை வீடுகளில்.

இங்கே தொழில்நுட்பம் ஒன்றும் தாமதமாக வரவில்லை. வெகு முன்பே வந்துவிட்டது. 1902இல் மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை காளைகள் இழுக்கும் ஒற்றைத் தண்டவாளப் பாதை போட்டார்கள். 1908இல் அதை நீராவி எஞ்சின் ஓடும் குறுகிய ரயில்பாதையாக மாற்றினார்கள். கடலடித் தந்தி வடம் 1870இலேயே பம்பாயை லண்டனோடு இணைத்துவிட்டதால், லண்டன் தேயிலை ஏலத்தின் விலை நிலவரம் துரைமார்களுக்கு வாரக்கணக்கில் காத்திருக்காமல் கிடைத்தது. உலகம் இந்த மலைக்கு அப்போதே சுருங்கித்தான் இருந்தது. சரக்குக்குச் சுருங்கியது, விலைக்குச் சுருங்கியது. கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு கொழுந்து கிள்ளியவருக்கு மட்டும் ஊர் அதே தூரத்தில்தான் இருந்தது.

தோட்டத்திலிருந்து ஓய்வுபெற்ற ஓர் அம்மாவின் லயத்து வாசலில் பிற்பகலைக் கழித்தேன். எழுதப் படிக்கத் தெரியாதவர். இளம் வயதில் கயத்தாற்றுக்குக் கடிதம் போட வேண்டுமென்றால், எழுதத் தெரிந்த ஒருவரிடம் போய் உட்கார்ந்து சொல்லவேண்டும். பதில் வந்தால் அவரிடமே போய்ப் படிக்கச் சொல்லிக் கேட்கவேண்டும். மாமியார் சண்டையோ, நகை அடகோ, உடம்புக்கு முடியாததோ எதுவாயினும் அந்த மூன்றாம் ஆளின் காதைத் தாண்டித்தான் ஊருக்குப் போகும். "பாதிய சொல்லவே மாட்டேன் தம்பி. எல்லாரும் சௌக்கியம்னு எழுதிருங்கன்னு சொல்லிட்டு எந்திரிச்சு வந்துருவேன்" என்றார்.

இப்போது அவர் ஒலிவாங்கிப் படத்தை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு திருப்பூரில் உள்ள மகளோடு பேசுகிறார். விரலை எடுத்ததும் குரல் போய்ச் சேர்ந்துவிடுகிறது. எழுத்துகளுக்குப் பதிலாக ஆட்களின் படங்களைப் பார்த்தே யாருக்கு அனுப்புவது என்று கண்டுகொள்கிறார். துபாயில் உள்ள பேரன் அனுப்பிய நீளமான குரல்செய்தியை எனக்கும் போட்டுக் காட்டினார். சாப்பாட்டைப் பற்றிய புகார்தான். கைபேசியின் வியப்புகளைப் பேசுபவர்கள் காணொளி அழைப்பைத்தான் முதலில் சொல்வார்கள். என்னைக் கேட்டால், எழுத்தறியாத கோடிக்கணக்கானோர்க்கு இடையாள் இல்லாமல் அந்தரங்கம் பேசும் உரிமையைத் தந்த குரல்செய்தியை அதற்கும் மேலே வைப்பேன். அஞ்சலகமும் தந்தியும் செய்யாததை அது செய்திருக்கிறது.

பேரனின் புகார் வந்த பாதையை மனத்தில் வரைந்து பார்த்தேன். பாலைவன ஊரின் கோபுரத்திலிருந்து கடலடிக் கண்ணாடி இழை வடத்துக்குள் இறங்கி, ஒளித்துடிப்பாக நொடிக்கு ஏறத்தாழ இரண்டு லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் அரபிக்கடலின் அடியில் ஓடி, இந்தியக் கரையில் ஏறி, மலைக்கு வந்திருக்கிறது. ஆழ்கடலில் கிடக்கும் அந்த வடத்தின் பருமன் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் ரப்பர் குழாய் அளவுதான். உள்ளே ஒளி செல்லும் இழையோ தலைமுடி அளவு. கடலைக் கடக்க அதற்கு நூறில் இரண்டு பங்கு நொடிகூட ஆகவில்லை. இவ்வளவும், உப்புக் குறைந்த சாம்பாரைப் பற்றி ஒரு பேரன் பாட்டியிடம் சொல்வதற்காக.

வாசலில் பேச்சு பெட்டிமுடிக்குத் திரும்பியபோது அந்த அம்மா கைபேசியைக் கீழே வைத்துவிட்டார். 2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு, ராஜமலையை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. எழுபது பேர் போனார்கள். அவர்களில் பெரும்பாலோர் கயத்தாற்றுப் பக்கத்தைப் பூர்வீகமாகக் கொண்ட தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தினர். அடைமழையில் மின்சாரம் அற்று, தொலைபேசித் தொடர்பும் அற்றுக் கிடந்ததால் செய்தி வெளியுலகுக்கு வர மறுநாள் காலையாயிற்று. உயிர் தப்பியவர்கள் இருட்டில் சேற்றுக்குள் தேடிக்கொண்டிருந்த அந்த இரவில், பெட்டிமுடிக்கும் மூணாற்றுக்கும் இடையிலான தூரம் 1902இல் இருந்ததைவிடக் குறைவாக இருக்கவில்லை. கோபுரத்துக்கு மின்சாரம் வேண்டும், மின்சாரம் போனால் மின்கலம் வேண்டும், மின்கலம் தீர்ந்தால் டீசல் வேண்டும், டீசல் கொண்டுவரச் சாலை வேண்டும். உலகம் சுருங்கியிருக்கிறது என்று சொல்லும்போதெல்லாம், அது எதன்மேல் நிற்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். முக்கியமாக, மழைக்காலத்தில், லயத்தில் இருப்பவர்களுக்கு.

சனி: டாப் ஸ்டேஷன், போடிநாயக்கனூர்

டாப் ஸ்டேஷன் தமிழ்நாட்டு எல்லைக்குள் வருகிறது, தேனி மாவட்டம். சுற்றுலா வந்தவர்கள் மேகத்தைப் படமெடுத்துக்கொண்டிருந்த மலைவிளிம்பில்தான் ஒரு காலத்தில் ரயிலில் வந்த தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டு கொட்டகுடிக்கு இறங்கின. அங்கிருந்து வண்டியில் போடிக்கும், பிறகு ரயிலில் தூத்துக்குடிக்கும், கப்பலில் இங்கிலாந்துக்கும் போயின. 1924 ஜூலையில், மலையாள ஆண்டுக் கணக்கில் 1099இல் வந்த பெருவெள்ளம் ரயில்பாதையை அடித்துக்கொண்டு போனது. பிறகு யாரும் அதைத் திரும்பப் போடவில்லை. டாப் ஸ்டேஷன், சென்ட்ரல் ஸ்டேஷன் என்ற பெயர்கள் மட்டும் மலையில் தங்கிவிட்டன.

விளிம்பிலிருந்து பார்த்தால் போடிப் பக்கத்துச் சமவெளி காலடியில் கிடக்கிறது. கைபேசியில் போடிக்கு வழி கேட்டேன். மூணாற்றுக்குத் திரும்பி, பூப்பாறை போய், போடிமெட்டில் இறங்கு என்று நூறு கிலோமீட்டரளவுக்குச் சுற்றிவிட்டது. நூறாண்டுக்கு முன் தேயிலைப் பெட்டி ஐந்து கிலோமீட்டரில் இறங்கிய மலையை, குரங்கணிக் காட்டுவழியில் நடக்க அனுமதியும் முழங்காலும் இல்லாத நான் இப்படித்தான் இறங்கவேண்டும். எனக்கு அதில் மனக்குறை ஏதுமில்லை. சுருங்கும் தூரம் ஒருமுறை சுருங்கினால் அப்படியே இருக்கும் என்று நினைப்பவர்கள் இந்த விளிம்பில் ஒருமுறை நின்று பார்க்கலாம்.

மாலையில் போடிமெட்டின் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளிலும் எங்கள் பேருந்துக்கு முன்னும் பின்னும் ஜீப்புகள். போடி, தேவாரம், கம்பம் பகுதி ஊர்களிலிருந்து விடிவதற்குள் ஏலக்காய்த் தோட்டங்களுக்கு மலையேறி, பொழுது சாயும்போது இறங்கும் பெண்கள் அவற்றில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். கேரளத்தில் கூலி கூடுதல் என்பதால் அன்றாடம் இந்த ஏற்றமும் இறக்கமும். போடியில் ஒரு ஜீப்பிலிருந்து இறங்கிய இருவரோடு பேச வாய்த்தது. நாளை எந்தத் தோட்டம், எத்தனை ஆள் என்பது முந்தைய இரவே குரல்செய்தியாக வந்துவிடுகிறது. வாரக் கூலியில் ஒரு பகுதி கைபேசிக்கே வருகிறது. மகனின் கல்லூரிக் கட்டணத்தை அதிலிருந்தே மதுரைக்குக் கட்டியிருக்கிறார் ஒருவர். 1880இல் அஞ்சலகம் பணவிடை தொடங்கிய நாளிலிருந்து இப்படி வீட்டுக்குப் பணம் போய்க்கொண்டுதான் இருக்கிறது என்றாலும், வேலை முடிந்த களைப்பில் ஜீப்புக்குள்ளிருந்தே அனுப்பலாம் என்பது இந்தத் தலைமுறைக்கு வாய்த்தது.

போடியிலிருந்து சென்னைக்கு 2023 ஜூன் முதல் ரயில் ஓடுகிறது. எனக்குரிய படுக்கையையும் பெட்டியையும் திரையில் காட்டி, இதையும் நாலு நிமிடத்தில் வாங்கிவிட்டேன் என்று அவர்களிடம் பெருமையாகச் சொன்னேன். மூத்தவர் அதைப் பார்த்துவிட்டு, "நல்லதுதான் சார்" என்றார். பிறகு, ஜீப்பின் பின்படியில் தொங்கிக்கொண்டு வந்த ஒரு சின்னப் பெண்ணைக் காட்டி, "காலைல அஞ்சு மணிக்கு மேட்டுக்கு ஒரு பஸ் விடச் சொல்லி எங்கயாச்சும் எழுதுங்க. உக்காந்து போற மாதிரி" என்றார்.

எழுதிவிட்டேன்.